மொய்ப் பட்டியலை வரிசைப்படுத்துவது எப்படி?

உறவுகளை ஒரே க்ளிக்கில் கலைக்க எளிய வழிகாட்டி

கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தாயிற்று. சமையல்காரருக்குக் கணக்குத் தீர்த்தாயிற்று. மொய் நோட்டில் இருந்த பெயர்களை எல்லாம் அக்கா மகன் ராத்திரி பகலாக உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றிவிட்டான். இனி பாக்கி ஒன்றுதான்: அந்தப் பட்டியலை 'சார்ட்' செய்து, மூன்று தலைமுறை உறவை முறிப்பது.

நம் முன்னோர் இதற்கு எவ்வளவோ பாடுபட்டார்கள். பத்திரிகையில் ஒருவர் பெயரை விடுவார்கள், பந்தியில் இன்னொருவருக்குப் பாயசம் போடாமல் போவார்கள், தாய்மாமனை மேடைக்குக் கூப்பிட மறப்பார்கள். அப்படியும் பத்துப் பேரிடம் பகை பிடிப்பதற்குள் ஒரு ஆயுள் போய்விடும். இன்று நானூறு பேரிடமும் ஒரே நேரத்தில் பகை சம்பாதிக்கலாம்.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1973-ல் தடிமனான புத்தகம் ஒன்றை வெளியிட்டார். முழுப் புத்தகமும் வரிசைப்படுத்துவது, தேடுவது என்ற இரண்டே விஷயங்களைப் பற்றியது. அதைப் படிக்க நமக்கு நேரம் இல்லை. 'டேட்டா' மெனுவில் ஏ–இசட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது போதும்.

தேவையானவை

மொய் நோட்டு ஒன்று. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ். அவசரம், தேவையான அளவு. கோப்பின் நகல் வேண்டாம். நகல் இருந்தால் காரியம் கெட்டுவிடும்.

படி 1: வந்த வரிசைக்கு அடையாளமே இல்லாமல் செய்யுங்கள்

மொய் நோட்டில் பெயர்கள் தொகைப்படியோ அகரவரிசைப்படியோ இருக்காது. மேசைக்கு முன்னால் யார் எப்போது வந்து நின்றார்களோ அந்த வரிசையில் இருக்கும். பார்க்க ஒழுங்கில்லாததுபோல் தெரியும் இந்த வரிசைக்குள் ஏகப்பட்ட தகவல் உண்டு. அடுத்தடுத்த வரிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வேனில் வந்தவர்கள். 'முருகன், திருமங்கலம்' என்று இரண்டு பேர் இருந்தால், மேல் வரியில் இருப்பது அவர் மச்சான் என்பதை வைத்துத்தான் இது எந்த முருகன் என்று பாட்டி சொல்வார்.

ஆகவே வரிசை எண்ணுக்கு என்று தனிக் காலம் போடாதீர்கள். சார்ட் செய்து சேமித்து மூடிய மறு நிமிடம் பழைய வரிசை போனது போனதுதான். எக்செல் அதைத் தனியாக எங்கும் எழுதி வைப்பதில்லை.

வரிசை எண் இல்லாமல் பட்டியல் மூளியாகத் தெரிகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், எண்ணைத் தட்டாமல் '=ரோ()' என்ற சூத்திரத்தால் போட்டுவிடுங்கள். எத்தனை முறை கலைத்தாலும் மேலிருந்து கீழாகப் புதிதாக எண்ணிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். கையால் தட்டிய எண்ணுக்கு இந்த நாசூக்கு தெரியாது. அது தன் ஆளோடு கூடவே நகர்ந்துபோய், பிற்பாடு அந்தக் காலத்தை ஒரு சார்ட் செய்தால் எல்லோரையும் பழைய இடத்துக்கே கூட்டி வந்துவிடும்.

படி 2: மேலே 'உ', கீழே மொத்தம்

முதல் வரியில் பிள்ளையார் சுழி. இரண்டாம் வரியில் பெயர், ஊர், தொகை என்ற தலைப்புகள். மூன்றாம் வரியிலிருந்து ஆட்கள். மங்களகரமான இந்த அமைப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சார்ட் பெட்டியில் 'மை டேட்டா ஹேஸ் ஹெடர்ஸ்' என்று டிக் போட்டால், தலைப்பு என்று ஒதுக்கப்படுவது மேலே இருக்கும் ஒரே ஒரு வரி. பிள்ளையார் சுழிக்கு அந்த மரியாதை போய்விடும். இரண்டாம் வரி கூட்டத்தோடு கலந்து, பழனிச்சாமிக்கும் பேச்சிமுத்துவுக்கும் நடுவில் புது விருந்தாளியாக உட்காரும். பெயர், 'பெயர்'. ஊர், 'ஊர்'. வைத்த தொகை, 'தொகை'.

கடைசி வரியில் 'மொத்தம்' என்று எழுதி, கால்குலேட்டரில் கூட்டிய தொகையைப் பக்கத்தில் தட்டிவிடுங்கள். இடையில் காலி வரி விடவேண்டாம். பெரிய தொகை மேலே வரும்படி சார்ட் செய்தால், நம் குடும்பத்துக்கு இதுவரை யாருமே செய்திராத அளவுக்குச் செய்த புண்ணியவான் முதல் இடத்தில் வருவார். அவர் பெயர் மொத்தம். ஊர் தெரியவில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு திருப்பிச் செய்வது என்று இப்போதே பணம் சேர்க்க ஆரம்பிக்கவும்.

படி 3: தொகையை மட்டும் பிடியுங்கள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். நிதானமாகச் செய்யவும்.

தொகைக் காலத்தின் தலையில் இருக்கும் எழுத்தைச் சொடுக்குங்கள். அந்தக் காலம் மட்டும் நிறம் மாறும். இப்போது இசட்–ஏ பொத்தானை அழுத்துங்கள். எக்செல் திடுக்கிட்டு ஒரு பெட்டியைக் காட்டும். பக்கத்துக் காலங்களிலும் விவரம் இருக்கிறதே, அவற்றையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். 'எக்ஸ்பாண்ட் த செலக்‌ஷன்' என்ற வாய்ப்பை அதுவே தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கும். காலில் விழாத குறைதான். நீங்கள் மனம் இளகாமல் 'கன்டினியூ வித் த கரன்ட் செலக்‌ஷன்' என்ற இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள்.

என்ன நடந்தது என்பதை மூன்றே வரிகளில் பார்ப்போம். நோட்டில் இருந்தது இது: பக்கத்து வீட்டு டீச்சர் 501. திருமங்கலம் சித்தப்பா 5,001. உசிலம்பட்டி மாமா 10,001. தொகை மட்டும் இறங்குவரிசைக்கு மாறியது. பெயர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. இப்போது டீச்சர் 10,001. சித்தப்பா 5,001. மாமா 501.

இதன் அழகைக் கவனியுங்கள். கூட்டிப் பாருங்கள், 15,503. முன்னாலும் அதுதான், பின்னாலும் அதுதான். யாராவது சந்தேகப்பட்டு நடுவில் இருக்கும் சித்தப்பாவை மட்டும் நோட்டோடு ஒப்பிட்டால், அவர் கணக்குச் சரியாகவே இருக்கும். எந்தக் கட்டத்திலும் சிவப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. பெரிய தொகையில் தொடங்கிச் சீராக இறங்கும் பட்டியல், முன்பைவிட ஒழுங்காகத்தான் தெரியும். பணத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆட்கள் மட்டும் மாறிவிட்டார்கள்.

பலனை அடுத்த ஆடியிலோ ஆவணியிலோ அறுவடை செய்யலாம். மாமா பேத்திக்குக் காதுகுத்து. பட்டியலைத் திறந்து பார்ப்பீர்கள். 501 செய்திருக்கிறார், கூடவே கொஞ்சம் போட்டு 1,001 வைத்தால் கௌரவம் என்று முடிவு செய்வீர்கள். மைக்கில் உங்கள் பெயரையும் தொகையையும் வாசிப்பார்கள். மற்றதை மாமா பார்த்துக்கொள்வார். அதே மாதம் டீச்சர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் 11,001 வைக்க, அந்த அம்மா உங்களை ஒரு மாதிரி பார்ப்பது தனிக் கதை.

கூகுள் ஷீட்ஸ்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். காலத்தைத் தேர்ந்தெடுத்து 'சார்ட் ரேஞ்ச்' கொடுத்தால் அது ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தக் காலத்தை மட்டும் கலைத்துக் கொடுக்கும். 'சார்ட் ஷீட்' என்று பக்கத்தில் இருப்பதைத் தவறிக்கூடத் தொடவேண்டாம். அது வரிகளை முழுசாக, ஆளும் தொகையும் பிரியாமல் நகர்த்திவிடும்.

படி 4: அழகுக்கு ஒரு காலி காலம்

எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்பவர்களுக்கு மாற்று வழி. பெயர், ஊர் ஆகியவற்றுக்கும் தொகைக்கும் நடுவில் ஒரு காலத்தைக் காலியாக விடுங்கள். பார்க்கக் காற்றோட்டமாக இருக்கும். பிறகு பெயர்களில் ஏதாவது ஒரு செல்லைச் சொடுக்கி ஏ–இசட் அழுத்துங்கள்.

பட்டியல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எக்செல் தானாகத்தான் ஊகிக்கிறது. நாலு பக்கமும் தேடிக்கொண்டே போய், முழுசாகக் காலியாக இருக்கும் வரியையோ காலத்தையோ கண்டால் அதுதான் எல்லை என்று நின்றுவிடும். எனவே இடப்பக்கம் இருக்கும் பெயரும் ஊரும் அகரவரிசைக்குப் போகும். வலப்பக்கத் தொகை அசையாது. அந்தப் பக்கம் இருப்பது வேறு பட்டியல் என்று நினைத்துவிட்டதால் எச்சரிக்கை எதுவும் வராது.

காலி வரியும் இதே உதவியைச் செய்யும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் நடுவில் ஒரு வரி விட்டிருந்தால், ஒரு வீடு மட்டும் அகரவரிசையில் நிற்கும்.

படி 5: தொகையை மரியாதையோடு எழுதுங்கள்

வெறும் 501 என்று எழுதுவது என்ன பண்பாடு? '501/-' என்று எழுதுங்கள். 'ரூ.501' என்பது இன்னும் சிறப்பு. இப்படி எழுதிய மாத்திரத்தில் எக்செல்லுக்கு அது பணமில்லை, எழுத்து. எழுத்தை அது முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் அடுக்கும். எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்க்காது.

சிறியது முதலில் வரும்படி சார்ட் செய்தால் கிடைக்கும் வரிசை: 10001/-, 1001/-, 101/-, 2001/-, 251/-, 5001/-, 501/-. பத்தாயிரத்து ஒன்று வைத்த மனிதர், நூற்றொன்று வைத்தவரையும்விடச் சிறியவர். ஐந்நூற்று ஒன்று வைத்தவர் எல்லோரையும்விடப் பெரியவர். இந்தக் காலத்துக்கு அடியில் 'சம்' சூத்திரம் போட்டால் விடை பூஜ்யம். அது எழுத்துகளைக் கூட்டாது. கல்யாணத்துக்கு மொய்யே வரவில்லை என்று வருமானவரிக்காரர் முன்னால் வேண்டுமானால் காட்டலாம்.

'அரைப் பவுன் மோதிரம்', 'சில்வர் அண்டா' போன்றவற்றையும் தொகைக் காலத்திலேயே எழுதிவிடுங்கள். ஏறுவரிசையில் எக்செல்லின் முறை: முதலில் எண்கள், பிறகு எழுத்துகள். ஆக, சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்கும்போது சில்வர் அண்டா, லட்சத்து ஒன்றையும் தாண்டி நிற்கும். அண்டா கொடுத்தவரிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

படி 6: ஒரே ஆளை ஐந்து இடத்தில் வையுங்கள்

'முருகன்', 'எஸ். முருகன்', 'திரு. முருகன்', 'மளிகைக்கடை முருகன்' என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு விதமாக எழுதுங்கள். ஐந்தாவதாக, பெயருக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் தட்டிய முருகன். அந்த ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எக்செல் அதை எழுத்துகளுக்கெல்லாம் முன்னால் வைப்பதால், இந்த முருகன் அருணாசலத்துக்கும் முன்னால் போய் நிற்பார். மற்ற நால்வரும் எ, தி, ம, மு என்று பட்டியல் நெடுகப் பரவிவிடுவார்கள். வருடக்கணக்காக ஐந்து முறை செய்த மனிதர், தேடும்போது ஒரு முறை செய்தவராகத் தெரிவார். இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடும் நம் வழக்கம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. அகரவரிசை என்ற பெயரில் அடுக்கப்படுவது ஆட்களின் அப்பாக்கள்.

படி 7: மாதத்தைத் தமிழில் எழுதுங்கள்

யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று ஒரு காலம் இருக்கட்டும். அதில் ஆனி, ஆடி, ஆவணி என்று எழுதி ஏ–இசட் அழுத்துங்கள். பஞ்சாங்கத்தில் இந்த மூன்றும் வருவது ஆனி, ஆடி, ஆவணி என்று. அகராதியில் ஆடி, ஆவணி, ஆனி. ஏனென்றால் நெடுங்கணக்கில் கடைசி மெய் ன்.

மூன்றாவதாக ஒரு வரிசையும் உண்டு. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், ந-வுக்கு அடுத்த எண்ணே ன-வுக்கு. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைத்த இஸ்கி என்ற பழைய ஏற்பாட்டின் வரிசையை யூனிகோடு பின்பற்றியதால் வந்த வினை. மொழியைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் ஆடி, ஆனி, ஆவணி என்று வரும். மூன்று மாதம், மூன்று வரிசை, மூன்றும் ஏதோ ஒரு விதத்தில் சரி. மூன்றில் எதை நம்பிப் புறப்பட்டாலும் ஒரு விசேஷத்தையாவது தவறவிடலாம்.

தேதியாகத்தான் எழுதுவேன் என்று அடம் பிடிப்பவர்கள் புள்ளி வைத்து '12.5.23', '3.11.22' என்று எழுதலாம். இங்கே வழக்கத்தில் உள்ள கணினி அமைப்பில் எக்செல் இதைத் தேதி என்று எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தாக அடுக்கும்போது, 2022 நவம்பருக்கு முன்னால் 2023 மே வந்துவிடும். கணினி அமெரிக்க வழக்கத்தில் இருந்தால் சாய்கோட்டிலும் பலன் உண்டு. மார்ச் 5 என்று நினைத்து 05/03/2023 எழுதினால் அது மே 3 ஆகும். 25/03/2023 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே காலத்தில் பாதி தவறான தேதி, பாதி தேதியே இல்லை.

படி 8: குடும்பமாகச் செய்யுங்கள்

பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுங்கள். சென்னையில் இருக்கும் அத்தை மகள் பெயர்வாரியாகப் பார்க்க நினைப்பார். சிங்கப்பூர் மச்சான் தொகைவாரியாகப் பார்க்க நினைப்பார். அங்கே ஒருவர் சார்ட் செய்தால் எல்லோர் திரையிலும் வரிகள் இடம் மாறும். அவரவர் பார்வைக்கு மட்டும் அடுக்கிக்கொள்ள 'ஃபில்டர் வியூ' என்று ஒன்று இருப்பதை யாருக்கும் சொல்லவேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ஊர்வாரியாகவும், ஒவ்வொரு ஊருக்குள் பெயர்வாரியாகவும் வேண்டும். முதலில் ஊரைச் சார்ட் செய்து, பிறகு பெயரைச் சார்ட் செய்தேன். ஊர் கலைந்துவிட்டதே?

பதில்: வாழ்த்துகள், சரியான பாதையில் போகிறீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். முதலில் பெயர், கடைசியில் ஊர். ஒரே ஊர்க்காரர்கள் என்று சமமாக வரும் வரிகளை எக்செல் முன்பு இருந்த வரிசையிலேயே விட்டுவைக்கும் என்பதால் பெயர் வரிசை குலையாது. துளையட்டைகளை இயந்திரத்தில் பிரித்த காலத்திலேயே இந்த வித்தை தெரியும். அவர்கள் ஒரு எண்ணை அடுக்கக் கடைசி இலக்கத்தில் தொடங்கி முதல் இலக்கத்துக்கு வருவார்கள். இவ்வளவு யோசிக்க முடியாதவர்களுக்கு, சார்ட் பெட்டியில் 'ஆட் லெவல்' இருக்கிறது. 2003 எக்செல்லில் மூன்று அடுக்குதான் கொடுக்க முடியும். 2007 முதல் அறுபத்து நான்கு. எந்த வம்சத்துக்கும் போதும்.

கேள்வி: பெயர் எழுதாத கவர்கள் சில வந்தன. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எங்கே போவார்கள்?

பதில்: கடைசிக்கு. ஏ–இசட் என்றாலும் கடைசி, இசட்–ஏ என்றாலும் கடைசி. பணத்தை வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகிறவர்களுக்கு உலகம் தரும் இடம்தான்.

கேள்வி: தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பங்காளி, நண்பர் என்ற முறைப்படி அடுக்க முடியுமா?

பதில்: ஏ–இசட் அழுத்தினால் அத்தை முதலில் வருவார், தாய்மாமன் சித்தப்பாவுக்குக் கீழே போவார். சண்டைக்கு அதுவே போதுமானது. முறைப்படிதான் வேண்டும் என்றால், சார்ட் பெட்டியில் 'ஆர்டர்' என்ற இடத்தில் 'கஸ்டம் லிஸ்ட்' தேர்ந்தெடுத்து அந்த ஆறையும் வரிசையாக எழுதிக் கொடுங்கள். பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் அப்படியே பழக்கலாம். எது முன், எது பின் என்று நாம் சொல்லிக் கொடுத்தால் எக்செல் கேட்டுக்கொள்ளும். சொல்லாதவரை அதற்கு அத்தையும் அண்டாவும் ஒன்று.

கேள்வி: ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேருக்குச் சேர்த்து ஊர்க் கட்டத்தை 'மெர்ஜ்' செய்தேன். சார்ட் ஆகவே மாட்டேன் என்கிறதே?

பதில்: இணைத்த கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் முடியும் என்று எக்செல் மறுத்துவிடும். இத்தனை படிகளில் அதற்கு ரோஷம் வரும் இடம் இது ஒன்றே.

முதலுதவி

வழிகாட்டியைப் பின்பற்றிய பிறகு மனம் மாறுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக.

கோப்பு இன்னும் திறந்திருக்கிறதா? கன்ட்ரோலும் இசட்டும். சேமிக்கவில்லையா? சேமிக்காமல் மூடுங்கள். தானாகச் சேமிக்கும் வசதி வேலை செய்துவிட்டதா? 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் நேற்றைய பட்டியல் இருக்கும். இவை எதுவும் கைகொடுக்காவிட்டால் நோட்டிலிருந்து திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை. கலைந்த காலத்தைப் பழையபடி சேர்க்க எந்தச் சூத்திரமும் கிடையாது. யாருக்கு எது என்பது பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில்தான் இருந்தது.

அடுத்த விசேஷத்துக்கு முன்னால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். வரிசை எண்ணைக் கையால் தட்டுங்கள். 'இன்சர்ட்' மெனுவில் 'டேபிள்' ஆக்கிவிடுங்கள். தலைப்பு எது, எல்லை எது என்பதை அதன் பிறகு எக்செல் ஊகிக்கவேண்டியதில்லை. ஆளையும் தொகையையும் பிரிக்கவும் செய்யாது. தொகைக் காலத்தில் எண் மட்டும். மோதிரத்துக்கும் அண்டாவுக்கும் தனிக் காலம். பெயருக்கு ஒரு காலம், இனிஷியலுக்கு ஒரு காலம்.

சார்ட் முடிந்ததும் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். எப்படிக் கலைத்தாலும் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். பட்டியலின் தலையில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று மூன்று பேரை எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். நாலாவதாக, குடும்பத்திலேயே சட்டென்று கோபித்துக்கொள்ளும் ஆளையும் ஒப்பிட்டுவிடுங்கள். அவர் எந்த வரியில் இருந்தாலும் சரி.